துப்பாக்கி வன்முறை நினைவுத் தீர்மானங்கள்

துப்பாக்கி வன்முறை நினைவுத் தீர்மானம் என்பது துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களுக்கும் உயிர் தப்பியவர்களுக்கும் மதிப்பளிக்கும் பொருட்டு, ஐக்கிய அமெரிக்காவின் காங்கிரசு, மாநிலச் சட்டமன்றங்கள், மாநகர மன்றங்கள் முதலியவை நிறைவேற்றும் குறியீட்டுத் தீர்மானம் ஆகும். இது சட்டம் அன்று. இது எவரையும் எதையும் செய்யுமாறு கட்டாயப்படுத்துவதில்லை, நிதி ஒதுக்குவதில்லை, மீறுவோருக்குத் தண்டனை என எதுவும் இதில் இல்லை. ஓர் அவை தன் இரங்கலையும் பாராட்டையும் தன் பதிவேட்டில் எழுத்தில் பொறித்து வைக்கும் செயலே இது. தமிழில் வழங்கும் இரங்கல் தீர்மானம் என்னும் சொல் இதன் ஒரு பகுதியையே குறிக்கும். இவ்வகைத் தீர்மானங்களில் பல, இறந்தவர்களோடு நில்லாமல், காயமுற்று வாழ்பவர்களையும், கொலையாளியை மடக்கிப் பிடித்த பொதுமக்களையும், சிகிச்சை அளித்த மருத்துவர்களையும் சேர்த்தே பேசுகின்றன.

ஐக்கிய அமெரிக்காவில் 2021 ஆம் ஆண்டில் மட்டும் துப்பாக்கியால் 48,830 பேர் இறந்தனர். இவர்களுள் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். 20,958 பேர் கொலையுண்டவர்கள். செய்திகளில் பெரிதும் இடம்பெறும் கூட்டுப் படுகொலைகளில் இறப்போர் இத்தொகையில் சிறு பகுதியினரே. ஆனால் நினைவுத் தீர்மானங்கள் பெரும்பாலும் அந்தச் சிறு பகுதியினரைக் குறித்தே எழுகின்றன. அவையில் யாருடைய பெயர் வாசிக்கப்படுகிறது, வாசித்த பின் அவை வேறு என்ன செய்தது என்னும் இரு கேள்விகளும் இத்தீர்மானங்களை எப்போதும் தொடர்ந்து வருகின்றன.

தீர்மானத்தின் அமைப்பு

ஒரு நினைவுத் தீர்மானம் இரு பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி முகவுரை. நிகழ்ந்த நாள், இடம், இறந்தோர் தொகை, பல வேளைகளில் இறந்தோரின் பெயர், வயது, பணி ஆகியவை இதில் ஒவ்வொரு கூற்றாக அடுக்கப்படும். தமிழில் சொல்வதாயின் ஒவ்வொரு கூற்றும் "ஆதலாலும்" என்று முடியும். இரண்டாம் பகுதி, "எனவே இந்த அவை தீர்மானிப்பதாவது" என்று தொடங்கி, இரங்கலையும் நன்றியையும் தெரிவிக்கும். இலக்கணப்படி பார்த்தால் முழுத் தீர்மானமும் ஒரே நீண்ட வாக்கியம் ஆகும். தீர்மானத்தின் படி ஒன்றை இறந்தவரின் குடும்பத்துக்கு அனுப்பி வைக்குமாறு அவைச் செயலருக்குப் பணிப்பதும் மாநிலச் சட்டமன்றங்களில் வழக்கம். முத்திரையிட்ட அந்தத் தாள் பல வீடுகளில் சட்டமிட்டு மாட்டப்படுவதுண்டு.

தகவல்கள் அனைத்தும் முகவுரையிலேயே இருப்பதால், கருத்து வேறுபாடும் அங்கேதான் எழுகிறது. நடந்ததைத் "துயர நிகழ்வு" என்று எழுதுவதா, "துப்பாக்கி வன்முறை" என்று எழுதுவதா என்பது சிறிய சொல் வேறுபாடாகத் தோன்றலாம். முதற்சொல் ஒரு நாளின் நிகழ்வைக் குறிக்கிறது. இரண்டாவது சொல் ஒரு தொடர் சிக்கலைக் குறிக்கிறது. அதற்கு ஒரு தீர்வும் வேண்டும் என்பதை உட்கிடையாக உணர்த்துகிறது. முதல் வகைத் தீர்மானங்கள் எதிர்ப்பின்றி நிறைவேறுவதும், இரண்டாம் வகைத் தீர்மானங்கள் குழுவுக்கு அனுப்பப்பட்டு அங்கேயே தங்கிவிடுவதும் காங்கிரசில் பொதுவாகக் காணப்படும் நிலை.

காங்கிரசில் நடைமுறை

காங்கிரசில் தீர்மானங்கள் மூவகைப்படும். ஓர் அவை மட்டும் நிறைவேற்றுவது தனித் தீர்மானம். இரு அவைகளும் நிறைவேற்றி, ஆனால் குடியரசுத் தலைவருக்கு அனுப்பாமல் விடுவது ஒருங்கிசைவுத் தீர்மானம். இரு அவைகளும் நிறைவேற்றிக் குடியரசுத் தலைவரின் கையொப்பத்துக்கு அனுப்புவது கூட்டுத் தீர்மானம். இது மட்டுமே சட்டத்தின் வலிமை உடையது. நினைவுத் தீர்மானங்களில் மிகப் பெரும்பாலானவை முதல் வகையைச் சேர்ந்தவை.

செனட் அவையில் இவை விவாதமின்றியே நிறைவேறுவது வழக்கம். தீர்மானம் வரவிருப்பது உறுப்பினர்களின் அலுவலகங்களுக்கு முன்கூட்டியே அறிவிக்கப்படும். எவரும் மறுப்புத் தெரிவிக்காவிடில், நாளின் இறுதியில் ஏறத்தாழ வெறுமையான அவையில், ஒருமனதான இசைவுடன் அது ஏற்கப்படும். ஒரே ஓர் உறுப்பினர் மறுத்தாலும் இவ்வழி அடைபட்டுவிடும். பிரதிநிதிகள் அவையில் விதிகளை நிறுத்திவைத்து நிறைவேற்றும் முறை பின்பற்றப்படுகிறது. இதில் விவாதத்துக்கு 40 நிமிடங்கள் மட்டுமே உண்டு, திருத்தங்களுக்கு இடமில்லை, மூன்றில் இரண்டு பங்கினரின் ஆதரவு வேண்டும்.

பிரதிநிதிகள் அவைக்கு மட்டும் உரிய ஒரு தடையையும் இங்குக் குறிப்பிட வேண்டும். 1980களில் காங்கிரசு இயற்றிய சட்டங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை ஏதேனும் ஒரு நாளையோ வாரத்தையோ மாதத்தையோ நினைவு நாளாக அறிவிப்பவையாக இருந்தன. அவையின் நேரம் இவற்றில் வீணாகிறது என்ற குறை எழுந்தது. 1995 ஆம் ஆண்டு சனவரியில், குறிப்பிட்ட காலப்பகுதியை நினைவு நாளாக அறிவிக்கும் சட்டவரைவையோ தீர்மானத்தையோ அவையில் கொண்டுவரலாகாது என விதி செய்யப்பட்டது. அதன் பின்னர், "இன்ன நாளை அறிவிக்கிறோம்" என்பதற்கு மாறாக "இன்ன நாள் அறிவிக்கப்படுவதை ஆதரிக்கிறோம்" என்று எழுதும் வழக்கம் தோன்றியது. இன்று பிரதிநிதிகள் அவையில் காணப்படும் இத்தகைய தீர்மானங்களின் தலைப்புகள் சுற்றிவளைத்து அமைந்திருப்பதற்கு இந்த விதியே காரணம். செனட் அவையில் இவ்விதி இல்லை.

வர்சீனியா டெக், 2007

2007 ஏப்ரல் 16 அன்று வர்சீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மாணவர் ஒருவர் 32 பேரைச் சுட்டுக் கொன்றார். இவர்களில் 30 பேர் நாரிசு மண்டபம் என்னும் வகுப்பறைக் கட்டடத்தில் இறந்தனர். அங்கு உயர்நிலை நீரியல் வகுப்பை நடத்திக் கொண்டிருந்த பேராசிரியர் ஜி. வி. லோகநாதன் தமிழ்நாட்டின் கோபிசெட்டிபாளையம் பகுதியில் பிறந்தவர், கோவை பி. எஸ். ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்றவர். அவரும் அவருடைய மாணவர்கள் பலரும் அவ்வறையிலேயே கொல்லப்பட்டனர்.

காங்கிரசு சில நாட்களுக்குள் இரங்கல் தெரிவித்தது. இந்நிகழ்வின் சிறப்பு, இரங்கலோடு அது நின்றுவிடவில்லை என்பதே. கொலையாளி மனநோயின் காரணமாகத் தனக்கே ஆபத்தானவர் என்று 2005 இல் நீதிமன்றம் ஒன்று முடிவு செய்திருந்தது. ஆனால் அத்தகவல் துப்பாக்கி வாங்குவோரின் பின்புலத்தைச் சோதிக்கும் கூட்டரசின் தரவுத்தளத்துக்கு அனுப்பப்படவில்லை. எனவே அவர் சோதனையில் தேறி இரு கைத்துப்பாக்கிகளை வாங்க முடிந்தது. மாநிலங்கள் இத்தகைய பதிவுகளைத் தரவுத்தளத்தில் சேர்க்க நிதியுதவி அளிக்கும் சட்டம் 2008 சனவரி 8 அன்று குடியரசுத் தலைவர் சியார்ச் புசின் கையொப்பம் பெற்றது. துப்பாக்கி உரிமை அமைப்பான தேசிய ரைபிள் சங்கமும் இதனை எதிர்க்காமல் ஆதரித்தது.

இச்சட்டவரைவைக் கொண்டுவந்தவர் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த கரோலின் மெக்கார்த்தி. இவர் அரசியலுக்கு வந்ததே ஒரு துப்பாக்கிச் சூட்டினால்தான். 1993 திசம்பர் 7 அன்று லாங் ஐலண்டு தொடருந்து ஒன்றில் 6 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் இவருடைய கணவரும் ஒருவர், மகன் படுகாயமடைந்தார். அதுவரை செவிலியராகப் பணியாற்றி வந்த இவர் 1996 இல் பிரதிநிதிகள் அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2025 இல் காலமானார்.

டூசான், 2011

காங்கிரசு தன் சொந்த உறுப்பினர் ஒருவருக்காகவே இத்தகைய தீர்மானத்தை நிறைவேற்ற நேர்ந்தது 2011 இல். அரிசோனா மாநிலத்தின் பிரதிநிதியான கேப்ரியல் கிஃபர்ட்சு, 2011 சனவரி 8 அன்று டூசான் நகருக்கு அருகே ஒரு பல்பொருள் அங்காடியின் முன் தன் தொகுதி மக்களைச் சந்தித்துக் கொண்டிருந்தார். 33 தோட்டாக்கள் கொள்ளும் மேகசின் பொருத்திய கைத்துப்பாக்கியுடன் வந்த ஒருவன் அவரைத் தலையில் சுட்டான். தொடர்ந்து கூட்டத்தினரையும் சுட்டான். 6 பேர் இறந்தனர்; கிஃபர்ட்சு உட்பட 13 பேர் காயமடைந்தனர். இறந்தோரில் கூட்டரசு நீதிபதி சான் ரோல், கிஃபர்ட்சின் பணியாளர் ஒருவர், ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி ஆகியோர் அடங்குவர். மேகசினை மாற்ற முயன்றபோதுதான் அங்கிருந்தவர்கள் அவனை மடக்கிப் பிடித்தனர்.

அவ்வாரம் பிரதிநிதிகள் அவையில் ஒபாமாவின் நலவாழ்வுச் சட்டத்தை நீக்குவதற்கான வாக்கெடுப்பு நடைபெறுவதாக இருந்தது. அது தள்ளிவைக்கப்பட்டது. சனவரி 12 அன்று அவை இரங்கலுக்கென்றே கூடியது. ஒரு வாரத்துக்கு முன் அவைத்தலைவராகப் பொறுப்பேற்றிருந்த சான் பேனர் கண்ணீர் மல்கப் பேசினார். தீர்மானம் இறந்த அறுவரையும் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தது. கொலையாளியை மடக்கியவர்களைப் பாராட்டியது. வன்முறையும் அச்சுறுத்தலும் எந்த அமெரிக்கரின் குரலையும் அடக்க இயலாது என்று அறிவித்தது. எதிர்ப்பின்றி நிறைவேறியது. துப்பாக்கி விற்பனை பற்றியோ மேகசினின் கொள்ளளவு பற்றியோ அதில் எதுவும் இல்லை.

மெக்கார்த்தி அதே மாதம் பெரிய மேகசின்களைத் தடை செய்யும் சட்டவரைவைக் கொண்டுவந்தார். அது வாக்கெடுப்புக்கே வரவில்லை. ஆனால் குறியீட்டுச் செயல்கள் தொடர்ந்தன. அரிசோனாவின் யூமா நகரில் கட்டப்பட்டு வந்த கூட்டரசு நீதிமன்றத்துக்கு நீதிபதி ரோலின் பெயரைச் சூட்டும் சட்டம் 2011 பெப்ரவரி 17 அன்று கையொப்பமானது. காங்கிரசு கட்டடத்தின் பார்வையாளர் மையத்தில் உள்ள கூட்ட அறை ஒன்றுக்கு, இறந்த பணியாளரின் நினைவாகக் கேப்ரியல் சிம்மர்மன் அறை எனப் பெயரிட்டு 2011 திசம்பரில் அவை தீர்மானம் இயற்றியது. தன் கட்டடத்தின் அறைக்குப் பெயரிட ஓர் அவையின் தீர்மானமே போதுமானது. நீதிமன்றத்துக்கோ அஞ்சலகத்துக்கோ பெயரிடச் சட்டம் வேண்டும். ஆகவே, குறியீடு என்றாலே வலுவற்றது என்று சொல்லிவிட இயலாது. தன் எல்லைக்குள் அது செல்லும்.

கிஃபர்ட்சு பேசும் ஆற்றலைப் பெருமளவு இழந்த நிலையில் 2012 சனவரியில் பதவி விலகினார். ஓராண்டு கழித்துத் தன் கணவர் மார்க் கெல்லியுடன் சேர்ந்து துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கான அமைப்பொன்றைத் தொடங்கினார்.

தென் கரோலினா, 2015

குறியீடு ஒன்றைத் தொடுவதற்குச் சட்டமே தேவைப்பட்ட நிகழ்வு தென் கரோலினாவில் நடந்தது. 2015 சூன் 17 அன்று சார்ல்சுடன் நகரின் எமானுவேல் தேவாலயத்தில் விவிலிய வகுப்பில் அமர்ந்திருந்த கறுப்பின மக்கள் ஒன்பது பேரை வெள்ளை இனவெறியன் ஒருவன் சுட்டுக் கொன்றான். அவர்களுள் தேவாலயத்தின் போதகரும் மாநில மேலவை உறுப்பினருமான கிளமென்டா பிங்னியும் ஒருவர். மேலவையில் அவருடைய இருக்கையின் மேசை மீது கறுப்புத் துணி போர்த்தப்பட்டது.

சூன் 24 அன்று பிங்னியின் உடல் மாநிலத் தலைமைச் சட்டமன்றக் கட்டடத்தில் அஞ்சலிக்காக வைக்கப்பட்டது. வெளியே நாட்டுக்கொடியும் மாநிலக்கொடியும் அரைக்கம்பத்தில் பறந்தன. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென்மாநிலக் கூட்டமைப்பின் கொடி மட்டும் முழுக்கம்பத்தில் பறந்தது. காரணம், 2000 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி அக்கொடியில் கைவைக்கும் அதிகாரம் ஆளுநருக்கு இல்லை. சட்டமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கினர் இசைய வேண்டும். கொலையாளி அதே கொடியுடன் எடுத்துக்கொண்ட ஒளிப்படங்கள் அப்போது நாடெங்கும் பரவியிருந்தன.

விவாதம் பல மணி நேரம் நீண்டது. சூலை 9 அன்று அதிகாலையில் கீழவை 94 க்கு 20 என்ற வாக்குகளில் கொடியை அகற்றும் சட்டவரைவை நிறைவேற்றியது. ஆளுநர் நிக்கி ஏலி ஒன்பது பேனாக்களைக் கொண்டு கையொப்பமிட்டு, அவற்றை ஒன்பது குடும்பங்களுக்கும் அளிப்பதாக அறிவித்தார். மறுநாள் கொடி இறக்கப்பட்டது.

இச்சட்டமும் துப்பாக்கியைத் தொடவில்லை. பின்புலச் சோதனை மூன்று நாட்களுக்குள் முடியாவிடில் துப்பாக்கியை விற்கலாம் என்னும் விதியின் வழியாகவே கொலையாளி துப்பாக்கியைப் பெற்றிருந்தான். அவ்விடைவெளியை அடைக்கும் சட்டவரைவைக் கூட்டரசின் பிரதிநிதிகள் அவை 2019 பெப்ரவரியில் நிறைவேற்றியது. ஆனால் அது சட்டமாகவில்லை. வெறுப்புக் குற்றங்களுக்குக் கூடுதல் தண்டனை அளிக்க, பிங்னியின் பெயரிலேயே அமைந்த மாநிலச் சட்டவரைவு ஒன்றைத் தென் கரோலினாவின் கீழவை 2021 இல் நிறைவேற்றியது. அவர் உறுப்பினராக இருந்த மேலவையில் அது நின்றுபோனது.

நினைவு நாட்களும் ஆரஞ்சு நிறமும்

மேற்கூறியவை தனித்தனிப் படுகொலைகளைக் குறித்தவை. நாள்தோறும் ஒருவர் இருவராக இறப்பவர்களுக்கு இத்தகைய தீர்மானங்கள் அரிதாகவே கிடைக்கின்றன. இக்குறையை நீக்க எழுந்தவையே பொது நினைவு நாட்கள். 2013 சனவரியில் சிகாகோவில் 15 வயது மாணவி ஒருத்தி பூங்காவில் சுட்டுக் கொல்லப்பட்டாள். அவளுடைய தோழர்கள் ஆரஞ்சு நிற உடையணிந்து அவளை நினைவுகூர்ந்தனர். காட்டில் வேட்டையாடுவோர் மற்ற வேட்டைக்காரர்களின் குண்டுக்கு இரையாகாமல் இருக்க அணியும் நிறம் அது. அவளுடைய பிறந்தநாளான சூன் 2 அன்று 2015 இல் முதன்முறையாகத் துப்பாக்கி வன்முறை விழிப்புணர்வு நாள் கடைப்பிடிக்கப்பட்டது. தற்போது சூன் மாத முதல் வெள்ளிக்கிழமை இதற்குரிய நாளாகும். கலிபோர்னியா போன்ற மாநிலங்களின் சட்டமன்றங்கள் சூன் மாதம் முழுவதையும் விழிப்புணர்வு மாதமாக ஏற்றுத் தீர்மானம் இயற்றியுள்ளன.

உயிர் தப்பியவர்களுக்கென பெப்ரவரி முதல் வாரம் குறிக்கப்பட்டுள்ளது. இது 2019 முதல் கடைப்பிடிக்கப்படுகிறது. பிற வளர்ந்த நாடுகளில் ஓராண்டு முழுவதும் துப்பாக்கியால் இறப்போரின் விகிதத்தை ஐக்கிய அமெரிக்கா பெப்ரவரித் தொடக்கத்திலேயே தாண்டிவிடுகிறது என்பது இவ்வாரத்தைத் தேர்ந்தெடுத்ததற்குச் சொல்லப்படும் காரணம். காங்கிரசில் இந்நாளையும் இவ்வாரத்தையும் ஆதரிக்கும் தீர்மானங்கள் பலமுறை கொண்டுவரப்பட்டுள்ளன. பெயர் குறிப்பிட்ட ஒரு படுகொலைக்கு இரங்க இசையும் உறுப்பினர்களும் இவற்றுக்கு எளிதில் இசைவதில்லை. பெரும்பாலானவை குழுவைத் தாண்டவில்லை.

எதிர்ப்புகள்

2012 திசம்பர் 14 அன்று கனெக்டிகட் மாநிலத்தின் சாண்டி குக் தொடக்கப்பள்ளியில் 20 குழந்தைகளும் பணியாளர் 6 பேரும் கொல்லப்பட்டனர். அதன் பின்னர் பின்புலச் சோதனையை விரிவாக்கும் திருத்தம் 2013 ஏப்ரல் 17 அன்று செனட் அவையில் 54 க்கு 46 என்ற வாக்குகளைப் பெற்றது. தேவைப்பட்ட வாக்குகள் 60 ஆதலால் அது தோற்றது. குழந்தைகளின் பெற்றோர் அப்போது பார்வையாளர் மாடத்தில் இருந்தனர். இரங்கலில் ஒன்றுபடும் அவை, அடுத்த அடியில் பிளவுபடுகிறது என்ற குற்றச்சாட்டு இதன் பிறகு வலுப்பெற்றது.

2016 சூன் 12 அன்று ஒர்லாண்டோ நகரின் பல்சு இரவு விடுதியில் 49 பேர் கொல்லப்பட்டனர். மறுநாள் பிரதிநிதிகள் அவை மௌன அஞ்சலி செலுத்தியபோது, சனநாயகக் கட்சி உறுப்பினர் சிலர் வெளிநடப்புச் செய்தனர். அஞ்சலி முடிந்ததும் சட்டவரைவு எங்கே என்று முழக்கமிட்டனர். கனெக்டிகட் பிரதிநிதி சிம் ஐம்சு இனித் தான் இத்தகைய மௌன அஞ்சலிகளில் கலந்துகொள்வதில்லை என்று அறிவித்தார். அம்மாநிலச் செனட்டர் கிறிசு மர்பி சூன் 15 அன்று தொடங்கி ஏறத்தாழ 15 மணி நேரம் செனட் அவையின் தளத்தை விட்டகலாமல் பேசினார். சூன் 22 அன்று குடியுரிமை இயக்கத் தலைவர்களுள் ஒருவரான சான் லூயிசின் தலைமையில் உறுப்பினர்கள் அவைத் தரையில் அமர்ந்து ஏறத்தாழ 25 மணி நேரம் மறியல் செய்தனர். அவை ஒத்திவைக்கப்பட்டு ஒளிப்படக்கருவிகள் நிறுத்தப்பட்டபோது, கைப்பேசிகள் வழியே அதனை ஒளிபரப்பினர். எந்தச் சட்டமும் அப்போது நிறைவேறவில்லை.

புளோரிடா மாநிலத்தில் நடந்தது இன்னும் கூர்மையானது. 2018 பெப்ரவரி 14 அன்று பார்க்லாண்டு நகரின் உயர்நிலைப்பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்டனர். ஆறு நாட்கள் கழித்து, தாக்குதல் வகைத் துப்பாக்கிகளைத் தடை செய்யும் சட்டவரைவை விவாதத்துக்கு எடுக்கும் கோரிக்கையை மாநிலக் கீழவை 71 க்கு 36 என்ற வாக்குகளில் நிராகரித்தது. அப்பள்ளி மாணவர்கள் சிலர் மாடத்திலிருந்து இதைப் பார்த்தனர். அதே நாளில் அவ்வவை ஆபாசப் படங்களைப் பொதுநலக் கேடு என அறிவிக்கும் குறியீட்டுத் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றியது. ஆனால் மாணவர்களின் அழுத்தம் ஓயவில்லை. மார்ச் 9 அன்று ஆளுநர் ரிக் இசுகாட் கையொப்பமிட்ட சட்டம், துப்பாக்கி வாங்கும் வயதை 21 ஆக உயர்த்தியது; ஆபத்தானவரிடமிருந்து நீதிமன்ற ஆணையின் பேரில் துப்பாக்கியைப் பறிக்க வழிசெய்தது. கொலை நடந்த பள்ளியின் பெயரே அச்சட்டத்துக்குச் சூட்டப்பட்டது.

மறுபுறம், நினைவுத் தீர்மானத்தைச் சட்ட விவாதத்துடன் கலப்பது இறந்தோரை அரசியலுக்குப் பயன்படுத்துவதாகும் என்று துப்பாக்கி உரிமை ஆதரவாளர்கள் வாதிடுகின்றனர். குடும்பங்களிடையேயும் ஒரே கருத்து இல்லை. சிலருக்கு அவையில் வாசிக்கப்பட்ட பெயரே பெரிது. வழக்கும் செய்தியும் முடிந்த பின்னரும் அரசின் ஏடொன்றில் அது அழியாமல் இருக்கும். சிலர் அந்தத் தாளை ஏற்க மறுக்கின்றனர்.

பல்சு நினைவிடம்

ஒர்லாண்டோ விடுதி இருந்த இடத்தைத் தேசியப் பல்சு நினைவிடம் என அறிவிக்கும் சட்டத்தில் 2021 சூன் 25 அன்று குடியரசுத் தலைவர் சோ பைடன் கையொப்பமிட்டார். பிரதிநிதிகள் அவையில் அச்சட்டவரைவின் எண் 49. இறந்தோரின் தொகையும் அதுவே. நினைவிடம் தேசியப் பூங்கா அமைப்பின் பகுதி ஆகாது என்றும், அதற்குக் கூட்டரசின் நிதி செலவிடப்பட வேண்டியதில்லை என்றும் சட்டமே தெளிவாகக் கூறியது. அங்கு நிலையான நினைவகம் எழுப்ப முயன்ற அறக்கட்டளையால் பணியை முடிக்க இயலவில்லை. 2023 இல் ஒர்லாண்டோ மாநகராட்சி அந்நிலத்தை விலைக்கு வாங்கி, நினைவகம் கட்டும் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டது.